மைனஸ் 15ஐத் தாங்கும் பனை சென்னையில் ஏன் செத்தது?

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு டிசம்பரில், இணையத்தில் பார்த்து ஒரு பனைக்கன்று வரவழைத்தேன். விண்ட்மில் பாம் என்று பெயர், சீனாவைச் சேர்ந்தது. கையகல விசிறி ஓலை, தண்டைச் சுற்றிப் பழுப்பு நார், முழங்கால் உயரம். தொட்டியில் செருகியிருந்த அட்டையில் மற்ற விவரங்களைவிடப் பெரிய எழுத்தில் 'மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும்' என்று போட்டிருந்தது. விற்றவரிடம் போனில் சந்தேகம் கேட்டேன். "பனிக்கட்டியிலயே நிக்கிற மரம் சார், உங்க சென்னையில அதுக்கு என்ன ஆயிடப்போகுது?" என்றார். கல்யாணத்துக்கு ஆயிரம் இலை போட்டவருக்கு வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பது ஒரு வேலையா என்கிற கணக்கு. எனக்கும் அது சரி என்றே பட்டது.

மார்கழியும் தையும் நன்றாகத்தான் போயின. மாசியில் ஒரு புது ஓலைகூட விரிந்தது. பங்குனியில் வளர்ச்சி நின்றது. சித்திரையில் நுனிகள் காய ஆரம்பித்தன. தண்ணீரைக் கூட்டினேன், நிழல்வலை கட்டினேன். அக்னி நட்சத்திரம் பாதி தாண்டிய ஒரு காலையில் நடுக்குருத்தை லேசாகப் பிடித்துப் பார்த்தேன். வெந்த கீரைத்தண்டு மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பு, புளித்த மாவு வாடை.

அட்டையில் பொய் இல்லை. அந்த மரம் மைனஸ் 15ஐத் தாங்கும்தான். ஆனால் அது சென்னைக்கு உதவாத உண்மை. 'குளிர் தாங்கும் திறன்' என்று நர்சரி அட்டைகளிலும் வெளிநாட்டு வீடியோக்களிலும் வருகிற அந்த எண்ணுக்கு என்ன பொருள், பனைக் குடும்பத்துக்கு மட்டும் அது ஏன் உயிர்ப் பிரச்சினை, நம் ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் நம் ஊர்க் குளிர். தமிழில் எல்லாவற்றுக்கும் 'பனி' என்ற ஒரே சொல்தான். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, ரயிலைத் தாமதமாக்கும் மூட்டமும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. ஆறு பெரும்பொழுதில் முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கே ஒதுக்கிய மொழி இது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழியும் உண்டு. அதெல்லாம் ஈரப்பனி. ஓலையின் மேல் நீர் வெள்ளைப் பொடியாக உறையும் உறைபனியைப் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவுக்கு டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் போக வேண்டும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். சாதாரண ஜனவரி இரவில் நுங்கம்பாக்கத்தில் 21 டிகிரியை ஒட்டி நிற்கும். பக்கத்தில் கடல் இருக்கிறது, வடகிழக்குப் பருவ மேகம் இரவில் போர்வை போர்த்திவிடுகிறது. மேகம் விலகிய தை மாதத் தெளிந்த இரவுகளில்தான் நாம் ஸ்வெட்டரைத் தேடுகிறோம். பூஜ்யத்துக்கும் நமக்கும் நடுவில் நூறு வருடத்தின் மோசமான இரவில்கூட கிட்டத்தட்ட 14 டிகிரி இடைவெளி இருக்கிறது.

ஆனால் ஒரு மரத்தைக் கொல்லக் குளிர் பூஜ்யத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதைப் புரிந்துகொள்ளக் குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தால் போதும். மார்கழிக் காலையில் அது வெண்ணெயாக உறைந்து கிடக்கும். பக்கத்தில் நல்லெண்ணெய் எப்போதும்போல ஊற்ற வரும். இரண்டும் எண்ணெய்தான், கொழுப்பின் வகை வேறு. செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வும் பெரும்பகுதி கொழுப்பால் ஆனது. வெப்பமண்டலச் செடிகளின் சவ்வுக் கொழுப்பு தேங்காய் எண்ணெய் ரகம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே இறுக ஆரம்பித்து, உள்ளே நடக்க வேண்டிய போக்குவரத்து தடுமாறும். ஓலை வெளிறும், புள்ளி விழும், வேர் நீர் இழுக்காது. குளிர்நாட்டுச் செடிகளின் சவ்வு நல்லெண்ணெய் ரகம். கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்.

பூஜ்யத்துக்குக் கீழே போனால் கதை வேறு. நீர் முதலில் செல்லுக்குள் உறைவதில்லை. செல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் உறைகிறது. அப்படி உறைந்த ஐஸ், செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். செல் வற்றிச் சுருங்கிச் சாகும். குளிரில் கருகிய ஓலை வெயிலில் கருகியதைப் போலவே தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் ஒருவகையில் தாகச் சாவுதான்.

இது எல்லாச் செடிக்கும் பொது. பனைக் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பலவீனம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலில் தென்னையும் பனையும் மரமே இல்லை, புல். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று புறக்காழ், அகக்காழ் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இன்றைய தாவரவியலும் பனைகளை நெல், மூங்கில் ஆகியவை அடங்கிய ஒருவித்திலைக் கூட்டத்தில்தான் வைக்கிறது. தென்னை மரத்தை அறுத்த இடத்தில் பார்த்திருப்பீர்கள்: ஆண்டு வளையம் கிடையாது, ஓரத்தில் கருப்பு வைரம் நெருக்கமாக, நடுவில் சோறு மாதிரி மென்மையில் நார்ப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அந்தப் புள்ளிகள்தான் நீரும் உணவும் போகும் குழாய்கள். மாமரம் பட்டைக்கடியில் ஒவ்வொரு வருடமும் புதுக் குழாய் போட்டுக்கொள்ளும். பனைக்கு அந்த வசதி இல்லை. வாலிபத்தில் போட்ட குழாயையே வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்ட வேண்டும். குளிரில் ஒரு குழாய் கெட்டால் கெட்டதுதான்.

இன்னொன்று குருத்து. கம்பிக்குக் கீழே மொட்டையடித்த வேம்பு ஆடி மழைக்கு எத்தனை இடத்தில் தளிர்க்கிறது! ஒற்றைத்தண்டுப் பனைக்கு உச்சியில் ஒரே ஒரு முளை, அதுவும் ஒரு முஷ்டி அளவுதான். இனி வரப்போகும் எல்லா ஓலையும் பாளையும் அதிலிருந்துதான் வர வேண்டும். "குருத்து போச்சுன்னா மரம் போச்சு சார்" என்று எங்கள் வீட்டில் தேங்காய் பறிக்க வருபவர் சொல்வதில் தாவரவியல் முழுக்க அடக்கம். ஆப்பிள், பேரி மாதிரிக் குளிர்நாட்டு மரங்கள் இலையுதிர்த்துத் தூங்கிக் குளிர்காலத்தைக் கடத்தும். பனைக்குத் தூக்கமும் கிடையாது. வெயிலோ குளிரோ, அது ஓலை விட்டுக்கொண்டே இருக்க வேண்டிய பிறவி.

இதை நான் ஒரு போன் திரையில் நேராகவே பார்த்தேன். சித்தி பெண் ஹூஸ்டனில் இருக்கிறாள். வீட்டு வாசலில் இரண்டு குயின் பாம். பார்க்கத் தென்னை மாதிரியே இருக்கும், ஊர் ஞாபகத்துக்கு வைத்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க மின்சாரம் போய், குழாய் வெடித்து, உலகமே பார்த்த அந்தக் குளிரில் ஹூஸ்டன் விமான நிலையத்தில் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே இறங்கியது. குளிர் விட்டதும் போன் செய்தாள். மரம் பச்சையாகத்தான் இருந்தது. "ஒண்ணும் ஆகலைண்ணா" என்றாள். பத்து நாளில் ஓலைகள் வைக்கோல் நிறமாயின. மார்ச் கடைசியில் ஏணி வைத்து ஏறி நடுக்குருத்தை இழுத்துக் காட்டினாள். "அண்ணா, கையோட வந்துடுச்சு." அடியில் பழுப்பு. வாடை மட்டும்தான் போனில் வரவில்லை.

குளிர் அன்றைக்கே ஒரேயடியாகக் கொல்வது குறைவு. குருத்தடித் திசுவைப் புண்ணாக்கிவிட்டுப் போகும். வெயில் ஏறும்போது பூஞ்சையும் பாக்டீரியாவும் அந்தப் புண்ணில் குடியேறும். அதனால்தான் அந்த ஊரில், குளிர் அடித்த பனையை அவசரப்பட்டு வெட்டாதே, கோடைவரை பொறு, குருத்தில் செம்புப் பூஞ்சைக்கொல்லி ஊற்று என்கிறார்கள். குருத்து கழன்ற பிறகும் முளை பிழைத்திருந்தால் சில மாதம் கழித்து அரைகுறை ஓலை ஒன்று எட்டிப் பார்க்கும். இவளுடைய இரண்டு மரமும் பிழைக்கவில்லை. எதிர்வீட்டில் இருந்த சேபல் பனை, அந்தப் பக்கத்து மண்ணின் மரம், ஓலைகூட வாடாமல் நின்றதுதான் அவளுக்கு எரிச்சல்.

குயின் பாம் அட்டையில் மைனஸ் 6, மைனஸ் 7 என்று போட்டிருக்கும். அவள் ஊரோ அமெரிக்க வேளாண் துறையின் குளிர் வரைபடத்தில் 9ஆம் மண்டலம். அதாவது மைனஸ் 6.7க்கும் மைனஸ் 1.1க்கும் நடுவில். கணக்குச் சரிதானே? அந்த வரைபடம் 1960இல் முதலில் வந்தது, கடைசியாக 2023இல் திருத்தினார்கள். ஒவ்வொரு வருடத்திலும் மிகக் குளிர்ந்த ஒரே ஒரு இரவை எடுத்து, முப்பது வருட இரவுகளைச் சராசரி போட்டு, 13 மண்டலமாகப் பிரிக்கிறார்கள். சராசரி என்றால் ஏறத்தாழப் பாதி வருடங்கள் அதைவிடக் குளிர்ந்தவை என்றுதான் பொருள். இருபது வருடத்துக்கு ஒருமுறை வரும் இரவு அந்த எண்ணில் தெரியாது. மரமோ இருபது வருடம் நிற்க வேண்டியது.

அட்டையில் உள்ள எண்ணிலும் இதே மாதிரி ஓட்டைகள். ஓலை கருகும் வெப்பநிலை ஒன்று, குருத்து சாகும் வெப்பநிலை வேறு; எதைப் போட்டார்கள் என்று அட்டை சொல்லாது, விற்பவருக்கு வசதியானது எது என்று நமக்கே தெரியும். மைனஸ் 4இல் விடியற்காலை ஒரு மணிநேரம் நிற்பதும், பகல் முழுக்கப் பூஜ்யத்துக்குக் கீழேயே கிடப்பதும் ஒன்றில்லை. வறண்ட குளிரைச் சமாளிக்கும் மரம் மழையோடு வரும் குளிரில் அழுகும். பருத்த தண்டு பகல் சூட்டைக் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும். தொட்டிக் கன்றுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. பொட்டாஷ் சத்துக் குறைந்த மரம் முதலில் விழும். ஆக, அந்த எண் ஒரு வளர்ந்த, நன்றாகச் சாப்பிட்ட, வேர் ஊன்றிய மரத்தின் எண். நம் கையில் இருப்பது பிளாஸ்டிக் பையில் உள்ள குழந்தை.

சரி, இத்தனை பலவீனத்தோடு சில பனைகள் எப்படிக் குளிரில் வாழ்கின்றன? குருத்தை ஒளித்து வைத்துத்தான். அமெரிக்காவின் தென்கிழக்கில் ஊசிப் பனை என்று ஒன்று. குட்டைத் தண்டு, குருத்தைச் சுற்றி நாரும் நீண்ட முள்ளும் மெத்தை போட்ட மாதிரி. மைனஸ் 20 டிகிரியையும் சமாளித்த மரம். அதே பக்கத்துக் குள்ளச் சேபல் தண்டையே மண்ணுக்குள் வைத்துக்கொள்ளும். மேலே ஓலை கருகினாலும் மண்ணுக்கடியில் முளை சூடாக இருக்கும். நம் நாட்டிலேயே உத்தராகண்டில் முன்சியாரிப் பக்கம், 2,000 மீட்டருக்கு மேலே, குளிர்காலத்தில் பனிக்கட்டி விழும் காட்டில் ஒரு பனை இருக்கிறது. என் தொட்டியில் செத்ததற்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். பனை என்றாலே கடற்கரையும் பாலைவனமும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுச் செய்தி.

மண்ணுக்குள் ஒளிக்கும் வித்தை நமக்குப் புதிதில்லை. பொங்கலுக்கு வாங்கும் பனங்கிழங்கு அதேதான். பனங்கொட்டையை மண்ணில் போட்டால் முளை மேலே வராது. முதலில் கீழே இறங்கும். கொட்டையிலிருந்து ஒரு குழாய் மாதிரி இறங்கி, முளையைக் கொண்டுபோய் ஆழத்தில் வைத்துவிட்டுத்தான் ஓலை மேலே எழும்பும். வேகவைத்த கிழங்கை நீளவாக்கில் பிளந்தால் நடுவில் வெளிர் மஞ்சளாக ஒரு குச்சி இருக்குமே, நாம் உருவிப் போட்டுவிட்டு நாரை உரித்துத் தின்கிறோமே, அது வருங்காலத்து முதல் ஓலை. பனை இதைக் குளிருக்காகச் செய்யவில்லை. தேரிக்காட்டு வறட்சிக்கும் காட்டுத்தீக்கும் ஆடுமாட்டு வாய்க்கும் எதிரான ஏற்பாடு. ஆனால் உத்தி ஒன்றுதான்: ஒரே ஒரு குருத்து இருந்தால் அதைக் கண்ணில் படாமல் வை. தொட்டியில் பனங்கொட்டை போட்டு முளைக்கவில்லையே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில்தான். கீழே இறங்க இடம் வேண்டும். முழ ஆழமாவது இல்லாத தொட்டியில் அது முட்டி மடங்கிக் கிடக்கும்.

இனி சென்னை. இங்கே பனைகளைப் பொறுத்தவரை குளிர் மரத்தைக் கொல்வதில்லை, மெதுவாக்குகிறது. காய்க்கும் தென்னை வருடத்துக்குப் பன்னிரண்டு பதினாலு ஓலை விடும், மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிடித்த சராசரி 27 டிகிரி. மார்கழி, தையில் இடைவெளி கூடும். பாளையும் ஓலைக் கணக்கில்தான் வருவதால் பின்னால் காய்ப்பிலும் ஏற்ற இறக்கம் தெரியும். இதே தென்னை டெல்லிக் குளிரில் நிலைப்பதில்லை. நம் ஊரில் பத்துப் பதினைந்து நாள் சோம்பல் காட்டுவதோடு சரி. அதற்காக உரக்கடைக்கு ஓடத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது குளிரும் ஈரமும் சேர்ந்து வரும் காலம். ஐப்பசி, கார்த்திகை மழை கொண்டையில் தேங்கி, மட்டை இடுக்கில் ஊறி, அதன்மேல் மார்கழியின் இளங்குளிர் வந்து உட்காரும்போது குருத்தழுகல் வரும். பைட்டோப்தோரா என்கிற, பூஞ்சையைப் போன்ற கிருமி. வெயிலில் ஒடுங்கிக் கிடப்பது, காற்றில் ஈரமும் இருபதை ஒட்டிய வெப்பமும் கிடைத்ததும் கிளம்பும். இளங்கன்றுகளுக்கு இது எமன். போன வருடம் எங்கள் வீட்டு ஐந்து வயதுத் தென்னையில் நடு ஓலை மட்டும் சற்றே வெளுத்துச் சாய்ந்தது. சுற்றியுள்ள ஓலைகள் பச்சையாகவே இருந்ததால், எல்லாரும் காற்றில் ஒடிந்தது என்றார்கள். எனக்கு ஹூஸ்டன் போன் ஞாபகம் வந்தது. பிடித்து இழுத்தேன். அதே பழுப்பு, அதே வாடை. ஒரு மரம் வெயிலில், ஒன்று உறைகுளிரில், ஒன்று மார்கழி ஈரத்தில். மூன்றுக்கும் சாவு ஒரே வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது.

இதைக் காப்பாற்ற முடிந்தது, ஏனென்றால் அழுகல் முளைவரை இறங்கவில்லை. கூர்மையான கத்தியால் கெட்ட திசுவை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி எடுத்து, போர்டோ பசை பூசினோம். நூறு கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), நூறு கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக அரை லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது, மண்சட்டியோ பிளாஸ்டிக்கோதான். கலந்ததும் தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தி முனையை ஒரு நிமிடம் முக்கிப் பார்க்கலாம்; செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும். கத்தி வெள்ளையாகவே வந்தால் சரி. அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பூசிய பிறகு மழை இறங்காமல் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக் கட்டினோம். பக்கத்து மரங்களுக்கு இதே கலவையை பத்தில் ஒரு பங்காக, ஒரு சதவீதமாகத் தெளித்தோம். மாசியில் கோணல்மாணலாக ஒரு ஓலை வந்தது. அதற்கடுத்தது ஒழுங்காகவே வந்தது.

மஞ்சள் விழுந்த அடி ஓலைகளை அழகுக்காக மழித்துவிடும் பழக்கத்தை இங்கே நிறையப் பேரிடம் பார்க்கிறேன், எனக்கு அது பிடிக்காது. பொட்டாஷ் குறையும்போது பனை பழைய ஓலையிலிருந்து சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்புகிறது. மஞ்சளை வெட்டினால் அடுத்த ஓலை மஞ்சளாகும். அதிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணலில் பொட்டாஷ் நிற்கவே நிற்காது. காய்க்கும் தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வருடத்துக்குச் சொல்வது 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், இரண்டு தவணையாக. சத்துக் கணக்கில் பொட்டாஷ்தான் கனமான பங்கு என்பதைக் கவனியுங்கள். வீட்டுத் தோட்டத்தில் நாம் அநேகமாக யூரியாவோடு நிறுத்திவிடுகிறோம்.

வீட்டுக்குள் ஒரு இடத்தில் மட்டும் சென்னைப் பனைக்குக் குளிர் தெரியும்: ஏசிக்குக் கீழே. வரவேற்பறையில் நாம் அரிக்கா பாம் என்று வாங்கி வைப்பது நம் கமுகு இல்லை, மடகாஸ்கர்காரர். 18 டிகிரியில் ஓடும் ஏசியின் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் ஒரு மாதத்தில் நுனி கருகும். அங்கே கொல்வது 18 டிகிரி இல்லை, ஓலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வறண்ட காற்று. அதோடு ஆர்ஓ கழிவுநீரை வீணாக்க வேண்டாமே என்று அதற்கே ஊற்றினால் இன்னும் சீக்கிரம். போர் தண்ணீர் உப்பாக உள்ள தெருவில் அந்தக் கழிவுநீர் இன்னும் உப்பு. தண்ணீர்ச் சிக்கனம் நல்லதுதான், வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். ஏசி அறைக்குத்தான் வேண்டுமென்றால் ரேபிஸ் என்கிற மூங்கில் மாதிரிப் பனை தோது. தெற்குச் சீனா மரம், லேசான உறைபனியே தாங்கும், மங்கிய வெளிச்சத்தில் பொறுமையாக இருக்கும்.

தோட்டத்துக்குப் பார்க்க வேண்டிய எண் மறுமுனையில் இருக்கிறது. 2003 மே 31 அன்று இந்த ஊர் 45 டிகிரி கண்டிருக்கிறது. கடற்காற்று தாமதமாகும் நாட்களில் பதினோரு மணிக்கே தரைக்காற்று அனலாக அடிக்கும். அதைவிட இரவு. மே இரவில் வெப்பம் 28க்குக் கீழே இறங்காத நாள் நிறைய, சில நாள் முப்பதை ஒட்டியே நின்றுவிடும். செடி பகலில் சமைத்த சர்க்கரையை இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். விண்ட்மில் பாம் மாதிரிக் குளிர்ந்த இரவுக்குப் பழகிய மரம் வரவுக்கு மேல் செலவு செய்து நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகும். மயாமியிலேயே அது தடுமாறும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மொட்டைமாடியில் கருப்புத் தொட்டி என்றால் வேரே வெந்துவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிவப்புத் தண்டு லிப்ஸ்டிக் பாம், மலேசியா, சுமத்ரா பக்கத்துச் சதுப்பு நிலத்து மரம். பத்து டிகிரியைக்கூடப் பொறுக்காது. சென்னையில் அது இறங்காது என்பதால் பலர் தைரியமாக வாங்குகிறார்கள். காலடியில் எப்போதும் ஈரமும் காற்றில் எப்போதும் புழுக்கமும் வேண்டிய அது சித்திரைத் தரைக்காற்றில் சுருண்டுவிடும். குளிர் தாங்காதது எல்லாம் சூடு தாங்கும் என்ற கணக்கும் தப்பு.

இரண்டு பக்கமும் தாங்குவது நம் ஈச்ச மரம். வடக்கே உறைபனி விழும் வயல்வெளியிலும் நிற்கும், இங்கே ஏரிக்கரை வெயிலிலும் நிற்கும். ஃபுளோரிடாவில் சில்வெஸ்ட்ரிஸ் என்று பெயர் வைத்து, தண்டைச் செதுக்கி, காசைக் கொட்டி வீட்டு முன்னால் நடுகிறார்கள். நம் ஊரில் நர்சரியில் ஈச்சை கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இடம் குறைவென்றால் சோழமண்டலக் கரைப் புதர்க்காட்டில் தானாக வளரும் சிற்றீச்சை இருக்கிறது, இடுப்பு உயரத்துக்கு மேல் லேசில் போகாது. முள் மட்டும் கவனம், குழந்தைகள் ஓடும் பக்கம் வேண்டாம். பெரிய மனை இருப்பவர்களுக்கு மடகாஸ்கரின் வறண்ட மேற்கிலிருந்து வந்த பிஸ்மார்க்கியா, வெள்ளிச் சாம்பல் ஓலை, வெயிலை அது அனுபவிக்கிற மாதிரியே நிற்கும். ஒரு ஓலையே ஆள் நீளத்துக்கு விரியும், ஒன்றரை கிரவுண்டு வீட்டில் வைத்துவிட்டு மதிலோடு சண்டை போட வேண்டாம். பாக்ஸ்டெயில், பாட்டில் பாம் இரண்டும் இங்கே சொன்னபடி கேட்கும்.

போன வாரம் பூந்தமல்லிப் பக்கம் ஒரு நர்சரியில் நல்ல பாக்ஸ்டெயில் கன்று ஒன்று கண்ணில் பட்டது. அட்டையில் மைனஸ் 2 என்று இருந்தது. அதைத் திருப்பி வைத்துவிட்டு, "தம்பி, இது எங்கேர்ந்து வருது? எத்தனை நாளா வெயில்ல நிக்குது?" என்று கேட்டேன்.

"கடியம் சார். நேத்து ராத்திரிதான் லாரி இறங்குச்சு. அங்க வலைக்குள்ள இருந்தது."

ஆந்திரத்து நிழல்வலையிலிருந்து நேராகச் சென்னை வெயிலுக்கு. குருத்தைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. வாங்கி வந்து மாமரத்தடியில் வைத்திருக்கிறேன். முதல் வாரம் முழு நிழல். இரண்டாவது வாரம் காலை எட்டு மணிவரை வெயில் படும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். குழி வெட்ட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.